சமூகப் பூச்சிகளின் இனப்பெருக்கம்: ஒத்துழைப்பும் போட்டியும் – தென்னிந்திய நோக்கில் ஓர் ஆய்வு வரலாறு

எறும்பு, கரையான், தேனீ, சிலவகைக் குளவிகள் ஆகியவை சமூகப் பூச்சிகள் எனப்படுகின்றன. கூடு கட்டுதல், இரை தேடுதல், குஞ்சுகளைப் பேணுதல், பகைவரை எதிர்த்தல் ஆகிய வேலைகளை இவை கூட்டாகச் செய்கின்றன. ஆனால் முட்டையிடும் வாய்ப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. ஒன்றோ சிலவோ முட்டையிட, எஞ்சியவை வாழ்நாள் முழுவதும் உழைக்கின்றன.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது தமிழில் வழங்கும் பழமொழி. உழைப்பவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்பது அதன் பொருள். பாம்பு வருவதற்கு முன்பே புற்றுக்குள் இந்த நிலை இருக்கிறது. புற்றைக் கட்டும் லட்சக்கணக்கான கரையான்களுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. இத்தகைய ஏற்பாடு எவ்வாறு தோன்றியது, ஏன் கலையாமல் நிலைக்கிறது என்ற கேள்வி உயிரியலில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. இவ்வரலாற்றில் தரங்கம்பாடி, சென்னை, திருச்சிராப்பள்ளி, பெங்களூரு ஆகிய தென்னிந்திய ஊர்களுக்கு இடமுண்டு.

சமூகப் பூச்சி என்பதன் இலக்கணம்

ஒரே இடத்தில் கூட்டமாக மொய்ப்பதால் மட்டும் ஒரு பூச்சி சமூகப் பூச்சி ஆகிவிடாது. விளக்கொளியில் கூடும் பூச்சிகளும் வெட்டுக்கிளிப் படையும் கூட்டங்களே தவிரச் சமூகங்கள் அல்ல. அறிவியலாளர்கள் மூன்று இலக்கணங்களைக் கூறுகின்றனர்.

1. குஞ்சுகளைப் பலர் கூடி வளர்த்தல்.
2. தாயும் வளர்ந்த மக்களும் ஒரே கூட்டில் வாழ்தல்.
3. முட்டையிடும் வேலையும் பிற வேலைகளும் வெவ்வேறு உறுப்பினரிடம் பிரிந்திருத்தல்.

இம்மூன்றும் பொருந்துபவை முழுச் சமூகப் பூச்சிகள். தேனீயிலும் கரையானிலும் ராணியின் உடலமைப்பே வேலைக்காரப் பூச்சியின் உடலமைப்பிலிருந்து வேறுபட்டது. சில குளவிகளில் அவ்வாறில்லை. ராணியையும் வேலைக்காரியையும் அருகருகே வைத்தாலும் தோற்றத்தால் பிரித்தறிய முடியாது. இவற்றில் எந்தப் பெண்ணும் ராணியாகலாம். ஆகவே ஒத்துழைப்பும் போட்டியும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காண இக்குளவிகளே ஏற்றவை.

அரசனா, அரசியா?

தேன்கூட்டை ஆள்வது ஓர் அரசன் என்றே ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் கூட்டின் பெரிய தேனீயைத் தலைவன் என்றே குறித்தார். அது பெண் என்பதை 1586இல் ஸ்பெயின் நாட்டவரான லூயிஸ் மெண்டஸ் டி டோரஸ் எழுதினார். 1609இல் இங்கிலாந்தின் சார்லஸ் பட்லர் தேன்கூட்டைப் பெண்ணரசு என்றே தலைப்பிட்டு நூல் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம் நுண்ணோக்கியின் கீழ் ராணித் தேனீயை அறுத்து அதன் சூலகங்களைக் காட்டிய பின் ஐயம் நீங்கியது. 1845இல் போலந்தைச் சேர்ந்த பாதிரியார் யான் ஜியர்சோன், கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் பிறக்கின்றன என்று கண்டறிந்தார். பிற்கால விளக்கங்கள் பலவற்றுக்கு இதுவே அடித்தளம்.

அரசன் போய் அரசி வந்தாலும் ஆட்சி என்ற கருத்து போகவில்லை. ராணி கட்டளையிடுகிறாள், மற்றவை கீழ்ப்படிகின்றன என்ற எண்ணம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. இன்று அறிந்தவரை ராணித் தேனீ எவருக்கும் வேலை பங்கிட்டுக் கொடுப்பதில்லை. அவள் முட்டையிடுபவள், அவ்வளவே. மனிதர் தம் அரசியலைப் பூச்சியின் மேல் ஏற்றிப் பார்த்ததால் விளைந்த குழப்பம், இத்துறையில் பலமுறை தலைகாட்டியுள்ளது.

தரங்கம்பாடியும் கரையானும்

தென்னிந்தியாவின் பங்களிப்பு கரையானில் தொடங்குகிறது. யோஹான் கெர்ஹார்ட் கோனிக் (1728–1785) தாவரவியலாளர் லின்னேயசின் மாணவர். 1768இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆர்க்காடு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றினார். தஞ்சாவூர்ப் பகுதியில் கண்ட கரையான்களைப் பற்றி இவர் எழுதிய நீண்ட கட்டுரை 1779இல் பெர்லினில் வெளிவந்தது. கரையானின் வாழ்க்கையை விவரித்த மிகத் தொடக்ககால அறிவியல் கட்டுரைகளுள் அது ஒன்று. ஆப்பிரிக்கக் கரையான் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1781ஆம் ஆண்டினது. அதாவது, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காவிரிப்படுகைக் கரையான் அச்சேறிவிட்டது.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைத் தமிழர் எல்லோரும் அறிவர். அதைப் பிடித்து, சிறகு நீக்கி, அரிசியுடன் வறுத்துத் தின்பது கிராமத்து வழக்கம். அந்த ஈசல்களே கரையான் குடும்பத்தின் இனப்பெருக்க உறுப்பினர்கள். பறந்து இறங்கியதும் சிறகை உதிர்த்து, ஆணும் பெண்ணுமாக இணைந்து மண்ணுக்குள் புகுகின்றன. பெரும்பாலானவை காக்கைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் இரையாகின்றன. தப்பிய இணை ஒரு புதிய புற்றின் அரசனும் அரசியும் ஆகிறது.

தேனீயில் ஆண், கூடலோடு இறந்துவிடுகிறது. கரையானில் அரசன் அரசியுடனேயே நெடுங்காலம் வாழ்ந்து மீண்டும் மீண்டும் கூடுகிறான். அரசியின் வயிறு விரல் பருமனுக்கு உப்பி, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறாள். வேலைக்காரக் கரையான்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. தேனீ, எறும்பு, குளவி ஆகியவற்றில் வேலைக்காரர் அனைவரும் பெண்களே. இந்த வேறுபாடு பின்னால் வரும் ஒரு கணக்கிற்கு முக்கியமானது.

சென்னை மாகாணத்தில் எறும்பும் தேனீயும்

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் (1811–1872) சென்னைப் படைப்பிரிவின் மருத்துவர். பறவை நூல்களால் புகழ்பெற்ற இவர், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலொன்றை 1851இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டார். நீண்ட தாடையும் பெரிய கண்ணும் கொண்டு குதித்துச் செல்லும் ஓர் எறும்புக்கு அதில் சால்டேட்டர் என்று பெயரிட்டார். குதிப்பவர் என்பது அதன் பொருள். இன்று ஹார்ப்பெக்னேத்தோஸ் சால்டேட்டர் என அழைக்கப்படும் அந்த எறும்பு, 150 ஆண்டுகளுக்குப் பின் உலக ஆய்வகங்களில் இடம்பிடிக்கும் என்று அவர் எண்ணியிருக்க வழியில்லை. பின்னர் சார்லஸ் பிங்காம் தொகுத்த பிரிட்டிஷ் இந்திய உயிரினத் தொகுதிகளில் குளவிகளும் தேனீக்களும் 1897இலும், எறும்புகள் 1903இலும் விரிவாக இடம்பெற்றன.

1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளிப் பகுதியில் நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியை உருவாக்கி மக்களுக்குப் பயிற்சி அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் அது இன்றும் வழங்குகிறது. 1924இல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் கன்னியாகுமரிப் பகுதியில் பரப்பினார்.

தேனீ வளர்ப்போர் கைவழியே அறிந்த செய்தி ஒன்று உண்டு. பெட்டியில் ராணி இறந்து, புது ராணியும் உருவாகாவிட்டால், சில நாட்களில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடக்கும். கூடாத பெண்கள் இட்ட முட்டைகளாதலால் பிறப்பவை எல்லாம் ஆண்களே. கூட்டம் சில வாரங்களில் அழியும். வேலைக்காரத் தேனீ மலடு அல்ல, தன்னை அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. அப்படியானால் அடக்குவது எது?

டார்வினின் சிக்கல்

1859இல் சார்லஸ் டார்வின் உயிரினங்களின் தோற்றம் என்ற நூலை வெளியிட்டார். அதிகம் பிள்ளை பெற்று வளர்க்கும் உயிரின் இயல்புகளே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன என்பது அவருடைய கொள்கையின் சாரம். பிள்ளையே பெறாத எறும்பின் இயல்புகள் எவ்வாறு அடுத்த தலைமுறைக்குச் சென்றன? இக்கேள்வி தம் கொள்கையையே வீழ்த்திவிடும் போல முதலில் தோன்றியதாக டார்வினே ஒப்புக்கொண்டார். தேர்வு தனி உயிரின் மீது மட்டுமல்ல, குடும்பத்தின் மீதும் நிகழலாம் என்பது அவர் தந்த விடை. மரபணு பற்றிய அறிவு இல்லாத காலத்தில் அதற்குமேல் செல்ல இயலவில்லை.

1940களில் இத்தாலியின் லியோ பார்டி காகிதக் குளவிகளை உற்றுநோக்கி, கூட்டுக்குள் ஏற்றத்தாழ்வு வரிசை இருப்பதைக் காட்டினார். மற்றவற்றை அடக்கும் குளவி முட்டையிடுகிறது, அடங்கியவை இரை தேடுகின்றன. ஒற்றுமைக்கு உவமையாகச் சொல்லப்பட்ட கூட்டுக்குள் ஓயாத போட்டி நடப்பது அப்போது தெளிவாயிற்று.

உறவின் கணக்கு

ஜே. பி. எஸ். ஹால்டேன் மரபியலின் முன்னோடிகளுள் ஒருவர். நீரில் மூழ்கும் குழந்தையைக் காக்கத் துணிபவரின் மரபணு எவ்வாறு நிலைக்கும் என்ற கேள்வியை 1955இல் ஒரு கட்டுரையில் எழுப்பினார். இரண்டு உடன்பிறந்தாருக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்காகவோ உயிரைக் கொடுக்கலாம் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாகவும் கூறுவர். 1957இல் அவர் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். இந்தியக் குடியுரிமை பெற்று, 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் காலமானார்.

அதே 1964இல் இங்கிலாந்தின் இளம் ஆய்வாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் அக்கருத்தை முழுமையான கணக்காக்கி வெளியிட்டார். உதவி பெறுபவருக்கும் உதவுபவருக்கும் உள்ள உறவளவை, பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையால் பெருக்க வேண்டும். அப்பெருக்கற்பலன் உதவுபவரின் இழப்பைவிட அதிகமானால் உதவும் குணம் பரவும். இதுவே ஹாமில்டன் விதி.

தேனீ, எறும்பு, குளவி இனங்களில் இக்கணக்கு வியப்பான விடை தருகிறது. ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் அதற்கு ஒரே தொகுதி மரபணுக்கள்தாம். ஆகவே தன் மகள்கள் அனைவருக்கும் அதே தொகுதியை முழுமையாகக் கொடுக்கிறது. தாய் தன் இரு தொகுதிகளில் பாதியைக் கொடுக்கிறாள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இரு சகோதரிகளின் உறவளவு இதனால் 3/4 ஆகிறது. தாய்க்கும் மகளுக்கும் உள்ள உறவளவோ 1/2 மட்டுமே. எனவே சொந்த மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது ஒரு குளவிக்கு ஆதாயம் என்ற விளக்கம் கிடைத்தது. வேலைக்காரர் அனைவரும் பெண்களாக இருப்பதும் இதனோடு பொருந்தியது.

விளக்கம் அழகானதுதான். ஆயினும் அதில் இரண்டு இடர்கள் இருந்தன. முதலாவது கரையான். அங்கே ஆணுக்கும் இரு தொகுதிகள் உண்டு. உடன்பிறந்தாரின் உறவளவு மனிதரைப் போல 1/2 தான். ஆனாலும் அது முழுச் சமூகப் பூச்சி. இரண்டாவது, ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுடன் கூடினால் 3/4 என்ற எண் நிலைக்காது. இரு தந்தையர் சமமாகப் பங்களித்தால், ஒரே தந்தையின் மகள்களிடை 3/4, வேறு தந்தையரின் மகள்களிடை 1/4, சராசரி 1/2. தந்தையர் எண்ணிக்கை கூடக் கூடச் சராசரி 1/4ஐ நோக்கி இறங்கும்.

தேன்கூட்டில் காவல்

ராணித் தேனீ பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் கூடுகிறது. நம் பாறைகளிலும் நீர்த்தொட்டிக் கோபுரங்களிலும் கூடு கட்டும் மலைத்தேனீயில் இது பல பத்துகளைத் தொடுகிறது. அப்படியிருந்தும் தேன்கூடு கட்டுக்கோப்பாகவே உள்ளது. இதற்கான விளக்கத்தை 1988இல் பிரான்சிஸ் ராட்னீக்ஸ் அளித்தார்.

ஒரு வேலைக்காரத் தேனீக்குத் தன் மகனோடு உறவு 1/2. ராணியின் மகன் அதற்குச் சகோதரன், உறவு 1/4. மற்றொரு வேலைக்காரத் தேனீயின் மகனோ, தந்தை வேறான சகோதரியின் மகன் எனில் 1/8 மட்டுமே. ஆகவே ஒவ்வொரு தேனீக்கும் முட்டையிட ஆசை இருக்கலாம். ஆனால் அடுத்தவள் முட்டையிடுவதை மற்ற எல்லாத் தேனீக்களும் தடுக்கும். 1989இல் ராட்னீக்சும் விஷரும் செய்த சோதனையில், வேலைக்காரத் தேனீக்களின் முட்டைகளை மற்ற வேலைக்காரத் தேனீக்கள் விரைவில் கண்டறிந்து தின்றுவிட்டன. ராணியின் முட்டைகள் பெருமளவு தப்பின. கூட்டில் அமைதி நிலவுவதற்குக் காரணம் பாசம் மட்டுமன்று, ஒன்றையொன்று கண்காணித்தலும் ஆகும்.

பெங்களூருக் குளவிகள்

இந்த வரலாற்றில் இந்தியாவின் மிகப்பெரிய பங்களிப்பு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிகழ்ந்தது. 1953இல் பிறந்த ராகவேந்திர கதக்கர் மூலக்கூற்று உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் குளவிகளின் பக்கம் திரும்பி, அதையே வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். 1983இல் அக்கழகத்தில் சூழலியல் அறிவியல் மையம் நிறுவப்பட்டது. 1993இல் அவருக்குச் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது. இரண்டு பத்தாண்டு ஆய்வின் தொகுப்பாக 2001இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய குளவி நூலை வெளியிட்டது.

அவர் தேர்ந்தெடுத்தது ரோப்பலீடியா மார்ஜினேட்டா என்னும் சிறு காகிதக் குளவி. மரநாரை மென்று கூழாக்கி, சன்னல் மூலையிலும் கூரை இடுக்கிலும் திறந்த அறைகளாகக் கூடு கட்டுவது. தென்னிந்தியாவில் ஆண்டு முழுவதும் காணக்கூடியது. ஆய்வுக்குத் தேவைப்பட்டவை வண்ணச் சாந்து, குறிப்பேடு, பொறுமை ஆகியவையே. ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் புள்ளி வைத்து, அது செய்யும் ஒவ்வொரு செயலையும் மணிக்கணக்கில் குறித்தனர். பெருங்குளவிகள் வந்து கூட்டைச் சூறையாடாமலிருக்க, சிறு குளவி மட்டும் நுழையும் அளவுள்ள கம்பிவலைக் கூண்டு அமைத்தனர்.

மூன்று வகையினர்

1980களின் தொடக்கத்தில் கதக்கரும் என். வி. ஜோஷியும் குளவிகள் நேரத்தைச் செலவிடும் முறையைக் கணக்கிட்டு அவற்றை மூன்றாகப் பிரித்தனர்: உட்கார்பவை, சண்டையிடுபவை, இரை தேடுபவை. நெருங்கிய உறவுடைய ரோப்பலீடியா சயத்திஃபார்மிஸ் இனத்தில் ராணி சண்டையிடும் வகை. பார்டி கண்ட ஐரோப்பியக் குளவியைப் போன்றது. ஆனால் மார்ஜினேட்டாவில் ராணி உட்காரும் வகை. எவரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை. ஆயினும் கூட்டில் முட்டையிடுபவள் அவள் ஒருத்தியே.

சாந்தமான ராணியின் வாசனை

ராணியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி மட்டும் ஆவேசம் கொண்டு மற்றவற்றைத் தாக்கத் தொடங்குகிறாள். ராணியைத் திருப்பி வைத்தால் அடங்கிவிடுகிறாள். வைக்காவிட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிட்டு, அவளே புதிய ராணியாகிறாள். பிறகு அவளும் சாந்தமாகிவிடுகிறாள். ஆவேசம் பதவியேற்பின்போது மட்டும் தேவைப்படுகிறது.

சண்டையிடாத ராணி தன் இருப்பை எவ்வாறு உணர்த்துகிறாள்? டூஃபோர் சுரப்பி என்னும் வயிற்றுச் சுரப்பியின் நீரை ராணி கூட்டின் மேல் தேய்த்துச் செல்கிறாள். 2010இல் வெளியான ஆய்வில், ராணியின் அச்சுரப்பிச் சாற்றைக் கூட்டில் இட்டபோது, ஆவேசமுற்ற குளவியின் தாக்குதல் குறைந்தது. இரை தேடும் வேலையையும் ராணி முடுக்குவதில்லை. வேலைக்காரிகளே ஒன்றையொன்று அதட்டி அதை ஒழுங்கு செய்கின்றன. கூட்டுக்குத் தாராளமாக உணவு கொடுத்தபோது அதட்டல் குறைந்தது.

வாரிசு வரிசை

அடுத்த ராணி யார் என்பது முன்பே முடிவாகியிருக்கிறதா? 2008இல் அனிந்திதா பத்ராவும் கதக்கரும் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தேடியது. கூட்டை இரண்டாக வெட்டி இடையே கம்பிவலை வைத்தனர். ராணி ஒருபுறம், ராணியற்ற பாதி மறுபுறம். ராணியற்ற பாதியில் ஒருத்தி ஆவேசம் கொண்டாள். பின்னர் அவளையும் ராணியையும் இடம் மாற்றினர். அவளே உண்மை வாரிசு எனில் மறுபாதியினரும் அவளை எதிர்ப்பின்றி ஏற்க வேண்டும். சில கூடுகளில் அப்படியே நடந்தது. மற்றவற்றில் மறுபாதியில் இருந்த இன்னொருத்தி தலைதூக்க, முதலாமவள் விலகினாள். அந்த இரண்டாமவளை இருபுறத்தாரும் ஏற்றனர். மூன்றாவது ஒருத்தி எந்தக் கூட்டிலும் தேவைப்படவில்லை. வாரிசு யார் என்பது ஆராய்ச்சியாளருக்குத் தெரியாமல் இருந்தது. குளவிகளுக்குத் தெரிந்திருந்தது.

2012இல் அலோக் பாங்கும் கதக்கரும் ராணியையும் அவளை அடுத்து வந்தவர்களையும் ஒருவர்பின் ஒருவராக நீக்கிப் பார்த்தனர். ஒவ்வொரு முறையும் ஒருத்தி மட்டுமே, மற்றவரின் எதிர்ப்பின்றி முன்வந்தாள். நீண்டதொரு வரிசை இருக்கிறது என்பது தெரிந்தது. வயது மூத்தவளுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் மூத்தவளே எப்போதும் வருவதில்லை.

உறுதியான பலன்

இக்குளவியில் 3/4 கணக்கு பொருந்தவில்லை. ராணி பல ஆண்களுடன் கூடுவதை 1986இல் முரளிதரன், ஷைலா, கதக்கர் ஆகியோர் காட்டினர். ராணிகளும் அடிக்கடி மாறுவதால், வேலைக்காரி வளர்க்கும் குஞ்சுகள் தங்கைகளாக மட்டுமின்றி அக்காளின் மகள்களாகவும் சிற்றன்னையின் பேத்திகளாகவும் இருக்கக்கூடும். உறவளவு 1/2க்கும் கீழே சென்றுவிடுகிறது. அப்படியிருக்க ஏன் தனியாகப் போய்க் கூடு கட்டக்கூடாது?

கதக்கர் 1990இல் தந்த விடை எளிமையானது. முட்டை வளர்ந்து குளவியாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. தனியாகக் கூடு கட்டியவள் அதற்கு முன் இறந்தால் அதுவரை உழைத்ததெல்லாம் வீண். அனாதைக் குஞ்சு பிழைக்காது. கூட்டுக் குடும்பத்தில் உழைப்பவள் இருபதாம் நாளில் இறந்தாலும் அந்த இருபது நாள் உழைப்பு வீணாவதில்லை. விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வர். தனி முயற்சியில் முழுப் பலன் அல்லது சுழி, கூட்டு முயற்சியில் சிறிதாயினும் உறுதியான பலன். சீட்டுக் கட்டுவோர் உடனே புரிந்துகொள்ளும் கணக்கு இது. அத்துடன் வரிசையில் காத்திருந்தால் என்றாவது ராணியாகும் வாய்ப்பும் உண்டு.

எல்லாப் பெண்களும் சமமாகப் பிறப்பதில்லை என்பதும் தெரியவந்தது. புதிதாகப் பிறந்த பெண்களைத் தனித்தனியே வைத்து உணவளித்தபோது ஏறத்தாழப் பாதி மட்டுமே கூடு கட்டி முட்டையிட்டன. புழுப் பருவத்தில் ஊட்டம் பெற்றவற்றுக்கே வாய்ப்பு அதிகம். ஊட்டம் குறைந்தவளுக்கு உதவி செய்து வாழ்வது இழப்பில் குறைந்த வழி.

குதிக்கும் எறும்பின் போட்டி

ஜெர்டன் பெயரிட்ட குதிக்கும் எறும்பில் போட்டி வெளிப்படையானது. கூட்டின் ராணி இறந்ததும் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று தட்டிப் பொருதத் தொடங்குகின்றன. இப்போட்டி நாள்கணக்கில், சிலவேளை ஒரு மாதத்துக்கும் மேல் நீளும். வென்ற சில எறும்புகள் ஆண்களுடன் கூடி முட்டையிடுகின்றன. இவை கேமர்கேட் எனப்படுகின்றன. மணம்புரிந்த வேலையாள் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

வென்ற எறும்பின் சூலகம் விரிகிறது. மூளையின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரை தேட வேண்டாத எறும்புக்குப் பெரிய மூளை செலவுதான். ஏழு மாதம் வாழும் வேலைக்காரி, கேமர்கேட் ஆனால் சில ஆண்டுகள் வாழ்கிறது. 2021இல் யூர்கன் லீபிக் குழுவினர், கேமர்கேட்டைப் பிரித்து வைத்து மீண்டும் வேலைக்காரி நிலைக்குக் கொண்டுவந்தபோது மூளை பழைய அளவுக்குத் திரும்பியதைக் காட்டினர். 2010இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் இரு எறும்புகளுள் இதுவும் ஒன்று.

2010 விவாதம்

அதே ஆண்டில் மார்ட்டின் நோவாக், கொரினா டார்னிட்டா, எறும்பியல் அறிஞர் ஈ. ஓ. வில்சன் ஆகியோர் உறவுக் கணக்கே தேவையற்றது என்று எழுதினர். ஹாமில்டன் கருத்தை முன்பு உலகறியச் செய்தவர்களுள் வில்சனும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2011இல் 130க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையொப்பமிட்டு மறுத்தனர். பெங்களூரு ஆய்வுகள் இதற்கு இடைப்பட்ட ஒரு பாடத்தைத் தருகின்றன. ஹாமில்டன் விதியில் உறவு, நன்மை, இழப்பு என மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவதை மட்டும் அளந்துவிட்டுக் கணக்கு முடிந்ததாக எண்ணியதே சிக்கல். உறவு குறைவான இடத்திலும் நன்மை மிகுதியாகவும் இழப்பு சிறிதாகவும் இருந்தால் ஒத்துழைப்பு தழைக்கும். மார்ஜினேட்டா அதற்கு எடுத்துக்காட்டு.

சென்னையின் மேற்குப் புறநகரில்

இவ்வரலாற்றின் பாத்திரங்கள் தொலைவில் இல்லை. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம், ஆவடி, பூந்தமல்லி போன்ற இடங்களில் வீட்டுச் சன்னலின் மேற்புறமும் மாடிப்படியின் அடிப்புறமும் காகிதக் குளவிக்கு ஏற்ற இடங்கள். காலி மனைகளில் கரையான் புற்று எழுகிறது. வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரங்களில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கிறது. மாமரத்து இலைகளைப் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் முசுறு, கூட்டுழைப்பின் மற்றொரு வடிவம். காலி மனைகள் வீடுகளாகும்போது புற்றுகள் இடிக்கப்படுகின்றன. கூடு கண்டதும் கொளுத்துவதும் மருந்தடிப்பதும் வழக்கமாகிவிட்டது. காகிதக் குளவிகள் கம்பளிப்புழுக்களை வேட்டையாடித் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுபவை என்பதால் தோட்டத்துக்கு நன்மை செய்பவை. கூட்டைத் தொடாதவரை அவை பெரும்பாலும் கொட்டுவதில்லை.

அத்தகைய கூடொன்றைக் கைக்கு எட்டாத் தொலைவிலிருந்து நோக்கினால் சில காட்சிகள் புலப்படும். இரை கொண்டுவரும் ஒன்று, அதை வாங்கிப் பங்கிடும் மற்றொன்று, தலையால் மோதி அதட்டும் இன்னொன்று, அறைக்குள் வயிற்றை நுழைத்து முட்டையிடும் ஒன்று. அதிகம் அதட்டுவதே ராணி என்று முடிவு கட்டினால் அது தவறாக இருக்கக்கூடும். ஓரமாக அமைதியாய் உட்கார்ந்திருப்பது ராணியாகவும், அதன் அருகில் எவ்வித அடையாளமும் இன்றி இருப்பது அடுத்த ராணியாகவும் இருக்கலாம்.